தேடல் தளம் காட்டிய '10,000' மொத்தம் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் சிறப்புப் பக்கத்தில், தமிழ்ச் செய்திகளில் இயற்கைப் பேரிடர்கள் எந்த அளவுக்கு இடம்பெற்றுள்ளன என்று ஆராய்ந்து வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். கட்டுரையாளர் ஒரு செய்தி ஆவணத் தளத்தின் தேடல் பெட்டியில் 'வெள்ளம்' என்று இட்டபோது மொத்தம் 10,000 செய்திகள் என்றும், 'வறட்சி' என்று இட்டபோதும் மொத்தம் 10,000 செய்திகள் என்றும் விடை வந்ததாகக் குறிப்பிட்டு, இவ்விரண்டு பேரிடர்களையும் நம் ஊடகங்கள் தராசில் வைத்து நிறுத்தாற்போல் சமமாகவே நடத்தியிருக்கின்றன என்ற முடிவுக்கு வந்திருந்தார். உழைத்து எழுதிய கட்டுரை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இருபது ஆண்டுகளாகத் தரவுத்தளங்களோடு குப்பை கொட்டி வருகிறவன் என்ற முறையில், ஒன்றுகூடக் குறையாமல் ஒன்றுகூடக் கூடாமல் இரண்டு சொற்களுக்கும் அச்சாக 10,000 என்று வந்ததைப் பார்த்ததும் காப்பியைக் கீழே வைத்துவிட்டேன்.

அன்று மாலையே அந்தத் தளத்துக்குச் சென்று அதே சொற்களை இட்டுப் பார்த்தேன். அதே எண்தான் வந்தது. 'மழை' என்று இட்டாலும் 10,000. 'தேர்தல்' என்று இட்டாலும் 10,000. பிறகு உலாவியில் எஃப்12 விசையை அழுத்தி, தேடும்போது வழங்கிக் கணினியிலிருந்து என்ன விடை வருகிறது என்பதைத் திறந்து பார்த்தேன். இதற்குத் தனித் தேர்ச்சி எதுவும் வேண்டியதில்லை, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதில் 'டோட்டல்' என்ற தலைப்பின் கீழ் இரண்டு விவரங்கள் இருந்தன. ஒன்று, 10000 என்ற எண். மற்றொன்று, 'ரிலேஷன்' என்ற பெயருக்கு எதிரே ஜி, டி, இ என்ற மூன்று எழுத்துகள். அந்த மூன்று எழுத்துகளுக்கு 'இந்த எண்ணுக்குச் சமம் அல்லது இதைவிடக் கூடுதல்' என்று பொருள். அதாவது வழங்கிக் கணினி உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. தளத்தை வடிவமைத்தவர் எண்ணை மட்டும் எடுத்துத் திரையில் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, அதோடு வந்த நிபந்தனையை விட்டுவிட்டார். கட்டுரையாளரைக் குறை சொல்ல வழியில்லை. அவர் திரையில் கண்டதை எழுதினார்.

அத்தளம் பயன்படுத்துவது எலாஸ்டிக்சர்ச் என்னும் தேடல் பொறி என்பது அந்த விடையின் அமைப்பிலிருந்தே தெரிந்தது. 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளியான அதன் 7.0 பதிப்பிலிருந்து, எவரும் தனியே கேட்காத வரை, பொருந்தும் ஆவணங்களைப் பொறி 10,000 வரைதான் துல்லியமாக எண்ணும். அதற்கு மேல் எண்ணுவதை நிறுத்திவிட்டு 'குறைந்தது இவ்வளவு' என்று சொல்லும். முந்தைய பதிப்புகளில் அந்த இடத்தில் வெறும் எண் ஒன்றே இருந்தது, அதுவும் முழு மொத்தமாகவே இருந்தது. ஆகவே பழைய பழக்கத்தில் எழுதப்பட்ட நிரல்களைப் புதிய பதிப்புக்கு மாற்றும்போது, பிழை எதுவும் காட்டாமல் ஓடினால் போதும் என்று எண்ணை மட்டும் பிடுங்கிப் போட்டு வேலையை முடித்துவிடுவது எளிது.

எண்ணுவதற்கென்ன, கணினிக்கு அது ஒரு வேலையா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். என் தந்தையார் வருவாய்த் துறையில் பணியாற்றியவர். அவர் அலுவலகத்தின் பதிவறை வழியாகச் சொன்னால் எளிதில் விளங்கும். பதிவறை எழுத்தரிடம் போய், 'கடைசியாக வந்த பத்துப் பட்டா மாறுதல் கோப்புகளைக் கொடுங்கள்' என்றால், அவர் தேதிவாரியாக அடுக்கிய அலமாரியில் மேலிருந்து பத்தை உருவித் தந்துவிடுவார். 'அப்படிப்பட்ட கோப்புகள் மொத்தம் எத்தனை இருக்கின்றன?' என்று கேட்டால் அலமாரி முழுவதையும் புரட்டியாக வேண்டும். முதல் கேள்வியின் வேலை கேட்ட பத்தோடு முடிந்துவிடுகிறது, அலமாரி எவ்வளவு பெரிதானாலும் கவலையில்லை. இரண்டாவது கேள்வியின் வேலை அலமாரியோடு சேர்ந்து வளர்கிறது. திரையில் இரண்டும் அக்கம்பக்கத்தில் 'பக்கம் 1, மொத்தம் இவ்வளவு' என்று நிற்பதால், இரண்டையும் ஒரே மூச்சில் எடுத்திருப்பார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

ஒரு பதிவேட்டை மேசைமேல் வைத்து, கோப்பு வர வர ஒன்று கூட்டி, போகப் போக ஒன்று கழித்து மொத்தத்தை எழுதிவைத்தால் என்ன என்ற கேள்வியும் நியாயமானதே. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் முன்பு வழக்கத்தில் இருந்த மைஐசாம் என்ற சேமிப்பு முறை அப்படித்தான் செய்தது. ஓர் அட்டவணையில் மொத்தம் எத்தனை வரிகள் என்று நிபந்தனையின்றிக் கேட்டால் எழுதிவைத்த எண்ணை அப்படியே சொல்லிவிடும். ஆனால் 'கோவையில் உள்ளவை எத்தனை?' என்று ஒரு நிபந்தனை சேர்ந்த உடனே அந்த எண்ணால் பயனில்லை. மேலும் அம்முறையில் ஒருவர் எழுதும்போது அட்டவணை முழுவதையும் பூட்ட வேண்டியிருந்தது. மைஎஸ்க்யூஎல்லின் 2010இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து அதன் இயல்பு முறையாகிவிட்ட இன்னோடிபியும், போஸ்ட்கிரெஸ் என்று நாங்கள் சுருக்கி அழைக்கும் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற மற்றொரு தரவுத்தளமும் ஒரே நேரத்தில் பலர் எழுதவும் படிக்கவும் இடம் தருபவை. எங்கள் அலுவலகத்தில் ஓர் எழுத்தர் ஒரு பில்லைப் பதிந்துகொண்டிருக்கிறார், இன்னும் உறுதிசெய்யவில்லை என்றால், அந்தப் பில் அவர் கண்ணுக்கு உண்டு, என் கண்ணுக்கு இல்லை. 'இந்த நொடியில் மொத்தம் எத்தனை?' என்பதற்கு அவருக்கு ஒரு விடையும் எனக்கு ஒரு விடையும் இருக்கும்போது, இரண்டும் சரியாகவும் இருக்கும்போது, எந்த எண்ணை எழுதிவைப்பது? அதனால்தான் இவ்வகைத் தரவுத்தளங்கள் மொத்தத்தை எழுதிவைப்பதில்லை. கேட்கும் ஒவ்வொரு முறையும், கேட்பவர் கண்ணுக்குத் தெரியும் வரிகளை எண்ணிச் சொல்கின்றன. போஸ்ட்கிரெஸில் 2012இல் வந்த 9.2 பதிப்புக்கு முன்பு, இன்டெக்ஸ் என்னும் அடைவில் பொருத்தம் கண்ட பிறகும், அந்த வரி இவருக்குத் தெரியலாமா என்று பார்க்க அட்டவணைக்கே போய் வரவேண்டியிருந்தது. அதற்குப் பிறகு பல நேரங்களில் இன்டெக்ஸை மட்டும் பார்த்தே எண்ண முடிகிறது; ஆயினும் எண்ணுவது எண்ணுவதுதான்.

பக்கத்தையும் மொத்தத்தையும் ஒன்றாகப் பெறுவதற்கு எங்கள் தொழிலில் கையாளப்பட்ட வழிகளைக் கொஞ்சம் சொல்வது இந்தக் கடிதத்தின் நோக்கத்துக்குத் துணைசெய்யும் என்று நினைக்கிறேன். மைஎஸ்க்யூஎல்லில் 'எஸ்க்யூஎல் கால்க் ஃபவுண்ட் ரோஸ்' என்று ஒரு சொல் நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தது. வினவலின், அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியின், தொடக்கத்தில் அதைச் சேர்த்துவிட்டால் பத்து வரிகளை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். அடுத்த வினவலில் 'ஃபவுண்ட் ரோஸ்' என்று கேட்டால், 'லிமிட்' என்னும் வரம்புச் சொல்லைப் போடாதிருந்தால் எத்தனை வந்திருக்கும் என்ற எண் கிடைக்கும். இணையத்தளங்களை உருவாக்கப் பயன்படும் வேர்ட்பிரஸ் மென்பொருள் தன் பதிவுப் பக்கங்களுக்கு இந்த முறையைத்தான் நம்பியிருந்தது. எழுதுவதற்கு ஒரே சொல் என்பதால் அதில் செலவில்லை என்று நாங்கள் எல்லோரும் எண்ணியிருந்தோம், நானும் உட்பட. உண்மையில் அச்சொல்லைக் கண்டதும் தரவுத்தளம் பத்தோடு நிறுத்திக்கொள்ளும் சலுகையைக் கைவிட்டுப் பொருந்தும் வரிகள் முழுவதையும் நடந்து கடக்கும். பல இடங்களில், தனியே ஒரு வினவலில் எண்ணிக்கையைக் கேட்பதே இதைவிட விரைவாக முடிந்தது. 2019இல் மைஎஸ்க்யூஎல்லின் 8.0.17 பதிப்பில் இச்சொல்லை விலக்கத்தக்கது என்று அறிவித்துவிட்டு, பக்கத்துக்கு ஒரு வினவல், எண்ணிக்கைக்கு ஒரு வினவல் என இரண்டாக எழுதுமாறு அதை வெளியிடும் நிறுவனமே கையேட்டில் அறிவுறுத்தியது.

மற்றொரு வழி, எண்ணச் சொல்லும் 'கவுன்ட்' என்பதோடு 'ஓவர்' என்ற சொல்லை இணைத்து எழுதுவது. போஸ்ட்கிரெஸில் 2009இல் வந்த 8.4 பதிப்பிலிருந்தும், மைஎஸ்க்யூஎல்லில் 8.0 பதிப்பிலிருந்தும் இது கிடைக்கிறது. இப்படி எழுதினால் வரும் பத்து வரிகளில் ஒவ்வொன்றின் ஓரத்திலும் மொத்த எண் ஒட்டிக்கொண்டு வரும். லிமிட் வெட்டுவதற்கு முன்பே இந்த எண்ணிக்கை நடந்து முடிவதால் விடை சரியாகவே இருக்கும்; அதே காரணத்தால் செலவும் குறையாது. இதில் ஒரு கண்ணியும் உண்டு. ஒருவர் முகவரிப் பட்டையில் பக்கம் 400 என்று கையால் மாற்றி, அவ்வளவு பக்கங்கள் இல்லாமல் போனால், வரி ஒன்றுகூட வராது. வரி வராவிட்டால் அதன் ஓரத்தில் ஒட்டிவரும் மொத்தமும் வராது. உடனே திரையில் 'முடிவுகள் எதுவும் இல்லை' என்று வந்து நிற்கும். நூற்றுக்கணக்கான விடைகள் உள்ள தேடலுக்குச் சுழியம் என்று சொல்வது, 10,000 என்று சொல்வதைக் காட்டிலும் பெரிய பொய்.

பொய் என்று கடுமையாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. என் அக்காள் மகள் முனைவர் பட்டத்துக்காகத் தமிழ்ச் சிறுவர் இலக்கியத்தை ஆய்ந்து வருகிறாள். சென்ற ஆண்டு ஒரு நூலகத்தின் இணையப் பட்டியலில் தன் தலைப்பை இட்டுத் தேடியிருக்கிறாள். மேலே 'மொத்தம் 10 நூல்கள்' என்று வந்திருக்கிறது. அந்த நூலகத்தில் பத்து நூல்களே உள்ளன என்று தன் வரைவில் எழுதிவிட்டு, நம் நூலகங்கள் சிறுவர் நூல்களை வாங்கும் இலட்சணத்தைப் பற்றி வருத்தத்தோடு ஒரு பத்தியும் சேர்த்திருந்தாள். வரைவை என்னிடம் படிக்கக் கொடுத்தபோது, வேறொரு தலைப்பை இடச் சொன்னேன். அதற்கும் மொத்தம் 10. திரையின் அடியில் கண்ணுக்குத் தெரியாத அளவில் 'அடுத்து' என்று ஒரு பொத்தான் இருந்தது. தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து அழுத்திக்கொண்டே போனாள். 23 பக்கங்களில் பத்துப் பத்து நூல்கள், 24ஆம் பக்கத்தில் ஏழு: ஆக 237 நூல்கள். பட்டியலுக்கான நிரலை எழுதியவர், பத்து என்று வெட்டி வாங்கிய வரிகளையே எண்ணி அதை மொத்தம் என்று காட்டியிருக்கிறார். எங்கள் தொழிலில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் முதல் வாரத்தில் செய்யும் பிழை இது. அன்றே யாராவது பார்த்துத் திருத்திவிடுவார்கள். இங்கே யாரும் பார்க்கவில்லை. நூலகத்துக்கு எழுதினோம். இரண்டு மாதம் கழித்துத் திருத்தியிருந்தார்கள்: 'மொத்தம்' என்ற வரியையே எடுத்துவிட்டிருந்தார்கள்.

தனி வினவலில் எண்ணும்போதும் சறுக்கல் நேர்வதுண்டு. பக்கத்தை எடுக்கும் வினவல் ஒருவரால் எழுதப்பட்டுக் காலப்போக்கில் திருத்தப்பட்டு வரும். எண்ணிக்கை வினவல் அதோடு சேர்ந்து திருத்தப்படாமல் பழைய நிலையிலேயே கிடக்கும். ஒரு தொகுப்பு நூலுக்கு இரண்டு பதிப்பாசிரியர்கள் என்று வைத்துக்கொள்வோம். நூல் அட்டவணையையும் ஆசிரியர் அட்டவணையையும் இணைத்தால் அந்த ஒரு நூல் இரண்டு வரிகளாக வரும். பக்கத்தில் காட்டும்போது அதை ஒன்றாக்கிக் காட்டிவிடுவார்கள், இரட்டித்தால் கண்ணில் உடனே பட்டுவிடும் என்பதால். எண்ணும்போது இரட்டித்தது யார் கண்ணிலும் படாது. வேறுவேறானவற்றை மட்டும் எண்ணு என்று சொல்ல மறந்துவிட்டால், மொத்தம் ஊதிப்போய் நிற்கும், கடைசிச் சில பக்கங்கள் வெறுமையாக இருக்கும்.

தமிழில் தேடுவோருக்கு இதற்கும் மேலே ஓர் இடர் உள்ளது. 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒருங்குறியில் (யூனிகோடில்) ஒரே குறியீடாகவும் பதியலாம், கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டு குறியீடுகளாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பதிந்த குறியீடுகளை அப்படியே ஒப்பிடும் வினவலுக்கு அவை இரண்டு வெவ்வேறு சொற்கள். போஸ்ட்கிரெஸின் 13ஆம் பதிப்பு முதல் இவற்றை ஒருசீராக்கும் செயல்பாடு உள்ளேயே இருக்கிறது, பயன்படுத்துவோர்தான் வேண்டும். 'ஔவையார்' என்பதை 'ஒ' போட்டுப் பக்கத்தில் 'ள' போட்டுப் பதிந்தவர்களின் நூல்கள் அந்தச் சீராக்கத்துக்கும் அகப்படாது, ஏனெனில் அங்கே இருப்பது உண்மையாகவே ளகரம். இரண்டு விதமாகவும் தேடிப் பாருங்கள், இரண்டு மொத்தங்கள் கிடைக்கும். சரியான மொத்தம் அவ்விரண்டில் எதுவுமாக இருக்காது. மொத்தத்தை எண்ணும் முறை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், 'பொருந்துவது' என்பதற்கு நாம் கொடுத்த பொருள் பிசகினால் எண்ணும் பிசகும்.

எல்லாத் தளங்களும் எப்போதும் துல்லியமான மொத்தத்தையே தரவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. நான் பணிபுரியும் இடத்தில் நூல் வணிகம் நடக்கிறது. படிக்கும் நூல் அன்று, நெய்யும் நூல். எங்கள் கணக்கர் மாதக் கடைசியில் பில் பட்டியலைத் திறந்து மொத்தத்தைப் பார்த்து, தன் கையேட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிடுவார். ஒன்று குறைந்தாலும் அன்றிரவு வீட்டுக்குப் போகமாட்டார், என்னையும் போகவிடமாட்டார். அவருக்குத் துல்லியமான எண் வேண்டும், அதற்குச் சில நொடிகள் காத்திருக்க அவர் அணியமாகவே இருக்கிறார். ஒருமுறை அவர் திரையில் மொத்தம் என்று காட்டியதைவிட, பக்கம் பக்கமாக அவர் கூட்டியது ஒன்று அதிகமாக இருந்தது. எண்ணிக்கை வினவல் ஓடி முடித்ததற்கும் பக்க வினவல் தொடங்கியதற்கும் நடுவே கிடங்கிலிருந்து ஒரு பில் பதிவாகியிருந்தது. போஸ்ட்கிரெஸ் இயல்பாக ஒவ்வொரு வினவலுக்கும் அந்தந்தக் கணத்துக் காட்சியைத் தருவதால் இப்படி நேர்கிறது. இரண்டு வினவல்களையும் பரிவர்த்தனை எனப்படும் ஒரே வேலைத் தொகுதிக்குள் வைத்து, 'ரிபீட்டபிள் ரீட்' என்னும் நிலையில் ஓடவிட்டால் இரண்டும் ஒரே கணத்தைப் பார்க்கும். அத்தோடு வரிசைப்படுத்துவதும் தேதியை மட்டும் கொண்டு நடந்திருந்தது. ஒரே தேதியில் நாற்பது பில்கள் இருந்தால் அவற்றுக்குள் எது முன், எது பின் என்பதற்கு உறுதி கிடையாது. முதல் பக்கத்தின் கடைசியில் வந்த பில் இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்திலும் தலைகாட்டும், அதற்குப் பதிலாக வேறொன்று எங்குமே வராமல் போகும். தேதியோடு பில் எண்ணையும் வரிசைக்குச் சேர்த்த பிறகுதான் கணக்கர் என்னோடு பேசினார்.

செய்தி ஆவணத்தில் தேடுபவர் அந்தக் கணக்கரைப் போன்றவர் அல்லர். அவருக்குத் தெரியவேண்டியது, விடைகள் பத்தா, சில நூறா, புரட்டி முடியாத அளவா என்பதே. அவருக்கு மிக எளிய வழி உண்டு. பொருந்துபவற்றில் முதல் 1,001 வரிகளை மட்டும் எடுத்து அவற்றை எண்ணுமாறு தரவுத்தளத்திடம் சொன்னால், அது அங்கேயே நின்றுவிடும். விடை 1,000 அல்லது அதற்குக் குறைவு என்றால் அது துல்லியமான மொத்தம், அப்படியே காட்டலாம். 1,001 என்று வந்தால் '1,000-க்கு மேல்' என்று காட்டலாம். மொத்தமே வேண்டாம், அடுத்த பக்கம் உண்டா இல்லையா என்று தெரிந்தால் போதும் என்ற இடங்களில், பத்துக்குப் பதில் பதினொன்றைக் கேட்டுப் பத்தைக் காட்டினால் போதும். பதினொன்றாவது வந்திருந்தால் அடுத்த பக்கம் உண்டு.

தோராய எண்ணைக் காட்டுவது மூன்றாவது வழி. அதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. போஸ்ட்கிரெஸ் ஒவ்வோர் அட்டவணையிலும் ஏறத்தாழ எத்தனை வரிகள் என்று ஒரு மதிப்பீட்டை வைத்திருக்கிறது. நிபந்தனை இல்லாத மொத்தத்துக்கு அது பெரும்பாலும் போதும். நிபந்தனைகள் சேரச் சேர அது தடுமாறும். மாவட்டம் கோயம்புத்தூர், ஊர் பொள்ளாச்சி என்று இரண்டு நிபந்தனைகள் கொடுத்தால், பொள்ளாச்சி இருப்பதே கோயம்புத்தூர் மாவட்டத்தில்தான் என்பது அதற்குத் தெரியாது. இரண்டும் தொடர்பற்றவை என்று எடுத்துக்கொண்டு இரண்டு விகிதங்களையும் பெருக்கி, உள்ளதில் சிறு பங்கையே சொல்லும். மாவட்டம், ஊர் என்ற இரண்டு விவரங்களுக்கும் உறவு உண்டு என்று நாமாகச் சொல்லிக்கொடுக்க 2017இல் வெளியான 10ஆம் பதிப்பிலிருந்து வசதி உள்ளது என்றாலும், எல்லாச் சேர்க்கைகளுக்கும் யார் சொல்லிக்கொடுப்பது? அப்படிப்பட்ட எண்ணைக் காட்டத்தான் வேண்டும் என்றால் 'ஏறத்தாழ' என்ற சொல் அதற்கு முன்னால் கட்டாயம் நிற்கவேண்டும்.

பொதுப்பணத்தில் உருவாகும் நூலகப் பட்டியல்களுக்கும் ஆவணத் தளங்களுக்கும் ஒப்பந்தப்புள்ளி கோரும் அதிகாரிகள், 'தேடல் வசதி வேண்டும்' என்று ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளாமல், மொத்தம் எப்படிக் காட்டப்படவேண்டும், எந்த அளவுக்கு மேல் எண்ணாமல் விடலாம், விட்டால் அதை எந்தச் சொல்லால் தெரிவிக்கவேண்டும் என்பதையும் அதே ஆவணத்தில் எழுதவேண்டும் என்பது என் கோரிக்கை. வேலையை ஒப்புக்கொள்ளும் நாளில் சோதிப்பதும் கடினமன்று. அதிகம் வரக்கூடிய இரண்டு மூன்று சொற்களை இட்டு, எண் ஒரே மாதிரி உருண்டையாக வருகிறதா என்று பார்க்கலாம். குறைவாக வரக்கூடிய ஒரு சொல்லை இட்டு, கடைசிப் பக்கம் வரை போய், அங்குள்ள வரிகளைக் கூட்டி, மேலே காட்டிய எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். என் அக்காள் மகள் பென்சிலோடு செய்தது அதுதான், அதற்கு அவளுக்குக் கால் மணி நேரம்தான் ஆயிற்று.

தங்கள் கட்டுரையைப் பொறுத்தவரை, 'கடல் அரிப்பு' என்ற சொல்லுக்குக் கட்டுரையாளர் தந்திருக்கும் நான்கு இலக்க எண்ணையும் நான் சரிபார்த்தேன். அதற்கு எதிரே ஜி, டி, இ என்று இல்லாமல் ஈ, க்யூ என்று 'சமம்' எனப் பொருள்படும் எழுத்துகளே இருக்கின்றன. அந்த எண் அப்படியே நிற்கலாம். 'வெள்ளம்', 'வறட்சி' ஆகிய இரண்டுக்கும் தந்துள்ள 10,000-க்கு முன்னால் மட்டும் 'குறைந்தது' என்ற சொல்லைச் சேர்த்து, இரண்டும் சமம் என்ற வாக்கியத்தை நீக்கி, ஒரு திருத்தம் வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கோயம்புத்தூர்.